பெட்டியில் வந்த படம்: வட சென்னையின் ஏரியா தியேட்டர்கள்

"வட சென்னையில் முன்பு ஏரியாவுக்கு ஏரியா தியேட்டர் இருந்ததாமே, அங்கே படம் பார்ப்பது எப்படி இருந்தது? இன்றைய மல்டிபிளெக்ஸிலிருந்து உண்மையிலேயே வேறுபாடு உண்டா, இல்லை இதெல்லாம் வயதானவர்களின் ஏக்கம்தானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஓட்டேரியில் ஒரு தியேட்டரின் பின்சுவரை ஒட்டிய தெருவில் வளர்ந்தவன் நான், என் தாய்மாமா பல வருடம் அங்கே புரொஜெக்டர் ஓட்டிய ஆபரேட்டர். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஏக்கம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் வேறுபாடும் உண்மை, அது பெரும்பாலானவர்கள் சொல்கிற இடத்தில் இல்லை. விசில், பேப்பரைக் கிழித்துப் பறக்கவிடுவது, கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றுவது எல்லாம் இன்றைக்கும் பெரிய நடிகர் படத்தின் முதல் நாளில் நடக்கிறது. வேறுபாடு பிலிம் சுருள்கள் வந்த தகரப் பெட்டியில் இருந்தது. படம் என்பது அன்று கையால் தூக்குகிற ஒரு பொருள். எடை உண்டு, தேயும், அறுபடும், நிறம் போகும், ஒரு நேரத்தில் ஒரு இடத்தில்தான் இருக்கும். அது எப்போது உங்கள் தெருவுக்கு வரும், என்ன நிலையில் வரும் என்பதைப் பொறுத்துத்தான் நீங்கள் பார்த்த படம் அமைந்தது. ஏரியா தியேட்டரின் வாழ்வும் சாவும் அந்தப் பெட்டியோடு சேர்ந்ததுதான்.

இதற்கு முதல் சாட்சியும் வட சென்னையில்தான் இருக்கிறது. தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று கினிமா சென்ட்ரலில் வெளியானது. பின்னாளில் முருகன் தியேட்டர் என்று எங்கள் தலைமுறைக்குத் தெரிந்த இடம் அது. பம்பாயிலிருந்து ரயிலில் வந்த படப்பெட்டியை சென்ட்ரல் ஸ்டேஷனில் எதிர்கொண்டு, வால்டாக்ஸ் சாலை வழியாக ஊர்வலமாக எடுத்துப்போனார்கள் என்றும், வழியெல்லாம் பூத் தூவி, தேங்காய் உடைத்து, ஊதுபத்தி கொளுத்தினார்கள் என்றும் சினிமா வரலாறு எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.  மரியாதை முழுக்கப் பெட்டிக்கு. எங்கள் காலத்தில் தேங்காய் உடைப்பது குறைந்துவிட்டது என்றாலும், தீபாவளி, பொங்கல் காலையில் தியேட்டர் வாசலில் நிற்கிறவர்களின் ஒரே கேள்வி "பொட்டி வந்துடுச்சா?" என்பதுதான்.

ஏரியா பிரித்துப் படம் ஓட்டுகிற வழக்கமும் ரொம்பப் பழையது. ரகுபதி வெங்கையா 1914இல் மவுண்ட் ரோடு (இன்றைய அண்ணா சாலை) பக்கம் கெயிட்டியைக் கட்டினார். சென்னையில் இந்தியர் ஒருவர் கட்டிய முதல் தியேட்டர் அது. அதோடு நிற்காமல் மின்ட் பகுதியில் கிரவுன், புரசைவாக்கத்தில் குளோப் என்று கட்டினார். குளோப்தான் பிறகு ராக்ஸி ஆனது. மவுண்ட் ரோட்டில் ஒன்று, வடக்கே ஒன்று, புரசைவாக்கத்தில் ஒன்று. ஐம்பது அறுபது வருடம் கழித்தும் பேப்பரில் வந்த பட விளம்பரங்களின் அடியில் இதே கணக்குதான் இருந்தது, தெற்கே மயிலாப்பூர் பக்கம் ஒரு தியேட்டர் கூடுதலாகச் சேர்ந்திருக்கும், அவ்வளவுதான். நகரம் முழுக்க நாலைந்து பிரிண்ட், அதாவது படத்தின் பிலிம் பிரதிகள். அந்தத் தியேட்டர்களில் ஓடி முடித்த பிறகு பெட்டி அடுத்த கட்டத் தியேட்டருக்குப் போகும், அங்கிருந்து அடுத்த கட்டத்துக்கு. தொழிலில் இதை ஷிப்டிங் என்பார்கள். எங்கள் தியேட்டர் அந்த வரிசையில் மூன்றாவது இடத்தில் இருந்தது. மவுண்ட் ரோட்டில் நூறு நாள் கொண்டாடிய படம் எங்கள் தெருவுக்கு வரும்போது அந்த நடிகரின் அடுத்த படத்துக்குப் பூஜையே முடிந்திருக்கும்.

காத்திருந்தது வருத்தமாக இருந்ததா என்றால் இல்லை. அந்த இடைவெளியில் படம் வேறு வழிகளில் எங்களிடம் வந்துகொண்டே இருந்தது. இலங்கை வானொலியில் பாட்டு மனப்பாடம் ஆகிவிடும். வெளியே பத்துக் காசு இருபத்தைந்து காசுக்குப் பாட்டுப் புத்தகம், அதன் கடைசியில் "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று நிறுத்திய கதைச் சுருக்கம். ஞாயிற்றுக்கிழமை வானொலியில் ஒலிச்சித்திரம், அதாவது படத்தின் ஒலி மட்டும். மவுண்ட் ரோட்டில் பார்த்துவிட்டு வந்த யாராவது ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து கதை முழுவதையும் சண்டைக்காட்சி சத்தத்தோடு சொல்லி முடித்திருப்பார். கதை தெரியாமல் படத்துக்குப் போவது என்கிற பழக்கமே எங்களுக்கு இல்லை. இப்போது யாராவது கதையின் முடிவைச் சொல்லிவிட்டால் கோபப்படுகிறார்கள், எனக்கு அந்தக் கோபம் இன்றுவரை பழகவில்லை.

எங்கள் தெருவுக்கு இதில் கூடுதல் வசதி ஒன்று இருந்தது. தியேட்டருக்கு ஏசி கிடையாது. இரண்டாவது ஆட்டத்தில் புழுக்கம் தாங்காமல் பக்கவாட்டுக் கதவுகளைத் திறந்துவிடுவார்கள், வசனம் முழுக்கத் தெருவுக்கு வந்துவிடும். பெட்டி வந்த முதல் ராத்திரியே பாயில் படுத்தபடி படத்தைக் கேட்டுவிடுவோம். மூன்று நாள் கேட்டால் எந்த வசனத்துக்குக் கைதட்டல் விழும், எந்தச் சத்தம் அறை, எந்தச் சத்தம் கதவு என்றெல்லாம் தெரிந்துவிடும். அம்மா கடிகாரம் பார்த்ததை விடத் தியேட்டரைக் கேட்டுத்தான் வேலை செய்தார். முதல் ஆட்டத்தின் இடைவேளை மணி அடித்தால் சோறு வடிக்க வேண்டும், சண்டை முடிந்து சுபம் இசை வந்தால் எங்களைப் படுக்கச் சொல்ல வேண்டும். எதிர்வீட்டு அக்கா ஒருவர் வீட்டில் படத்துக்கு விடமாட்டார்கள். அவர் பல படங்களைக் காதால் மட்டுமே கேட்டு, நடிகர்கள் எப்படி நின்றிருப்பார்கள் என்பதுவரை எங்களுக்கு நடித்துக் காட்டுவார். பிறகு படத்தைப் பார்த்தால் அவர் காட்டியதுதான் நன்றாக இருந்தது என்று தோன்றும்.

டிக்கெட் எடுப்பது தனிக் கதை. குறைந்த விலை கவுன்ட்டருக்குப் போகிற வழி ஒரு ஆள் அகலத்தில், இரண்டு பக்கமும் சுவர், மேலே கம்பி வலை. உள்ளே போய்விட்டால் திரும்ப முடியாது. கடைசியில் சுவரில் ஒரு ஓட்டை, அதில் ஒரு கை போகலாம், ஆனால் நாலு கை போகும். காசை உள்ளங்கையில் வைத்து விரல்களை இறுக மூடிக்கொண்டு முழங்கைவரை உள்ளே விட வேண்டும். உள்ளே இருப்பவருக்கு முகம் தெரியாது, கை மட்டும்தான். ஒவ்வொரு கையாகப் பிரித்துக் காசை எடுத்துக்கொண்டு டிக்கெட்டைத் திணித்து விரலை மடக்கிவிடுவார். கூட்டமான நாளில் மணிக்கட்டில் ஊதா மையில் ஒரு சீல் விழும், ஒரே ஆள் திரும்பத் திரும்ப வந்து ப்ளாக்கில் விற்காமல் இருப்பதற்காக. கையை வெளியே இழுக்கும்போது ஓட்டையின் விளிம்பு கீறும். மறுநாள் பள்ளிக்கூடத்தில் கீறலும் ஊதா மையும் உள்ள கையைக் காட்டினால் போதும், படம் பார்த்தோம் என்பதற்கு வேறு அத்தாட்சி தேவையில்லை. பெண்களுக்குத் தனி கவுன்ட்டர், அங்கே நெரிசல் குறைவு. அதனால் தெருவில் எந்த அத்தை படத்துக்குக் கிளம்பினாலும் கூட நாலு பையன்கள் காசோடு ஓடுவோம்.

யார் பார்த்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏரியா தியேட்டர் என்பது அந்த ஏரியாவின் வேலையைச் சுற்றித்தான் ஓடியது. பக்கத்தில் பின்னி மில் என்று எல்லோரும் சொன்ன பக்கிங்ஹாம் கர்நாட்டிக் மில், அந்தப் பக்கம் பெரம்பூர் லோகோ, கேரேஜ் என்ற ரயில்வே பட்டறைகள், கொஞ்சம் தள்ளி 1955 முதல் ஐசிஎஃப் என்ற ரயில் பெட்டித் தொழிற்சாலை. ஷிப்ட் முடிந்து நேராக இரண்டாவது ஆட்டத்துக்கு வருகிறவர்கள் பாதி அரங்கு. டிபன் பாக்ஸ் நாற்காலிக்கு அடியில் இருக்கும், பாதிப் படத்தில் காலில் தட்டிச் சத்தம் கேட்கும். சம்பள நாளில் குடும்பத்தோடு வருவார்கள், மாசக் கடைசியில் தனியாக வருவார்கள் அல்லது வரவே மாட்டார்கள். தியேட்டர்காரர்களுக்கு இது அத்துபடி. நல்ல படத்தை மாச முதல் வாரத்துக்கு வைத்துக்கொண்டு, மாசக் கடைசிக்குப் பழைய எம்ஜிஆர் படம் ஒன்றைக் குறைந்த வாடகைக்கு எடுத்து ஒரு வாரம் ஓட்டுவார்கள். அந்தப் பழைய படங்கள் கூட்டத்தைக் கைவிட்டதே இல்லை.

உள்ளே போனால் முதலில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு, அது ஒலித்தால் கவுன்ட்டரில் இருப்பவர்கள் ஓட்டம் பிடிப்பார்கள். அப்புறம் கண்ணாடி ஸ்லைடுகள்: உள்ளூர் ஜவுளிக்கடை, பல்பொடி, "முன் இருக்கையில் கால் வைக்காதீர்கள்". அப்புறம் 1948இல் தொடங்கிய பிலிம்ஸ் டிவிஷனின் செய்திப்படம், ஒவ்வொரு தியேட்டரும் கட்டாயம் போட வேண்டியது. அணைக்கட்டு, வெள்ளம், வெளிநாட்டுத் தலைவர் வருகை, கடைசியில் கிரிக்கெட். டிவி இல்லாத வீடுகளில் வளர்ந்த நாங்கள் கவாஸ்கர் அசைந்து பார்த்தது அங்கேதான், பல மாதம் பழைய ஆட்டமாக இருந்தாலும். கூட்டம் பொறுமை இழந்து கத்தும், கிரிக்கெட் வந்ததும் அமைதியாகிவிடும்.

இனி மாமாவின் அறைக்கு வருகிறேன், எனக்கு இதுதான் முக்கியம். ஆபரேட்டர் ரூமுக்கு வெளியே இருந்து இரும்புப் படிக்கட்டு. உள்ளே இரண்டு புரொஜெக்டர், மூலையில் மணல் வாளிகள், படம் விழுகிற சதுர ஓட்டைகளுக்கு மேலே கம்பியில் தொங்குகிற இரும்புத் தகடுகள். முன்காலத்து நைட்ரேட் பிலிம் தீப்பிடித்தால் அணைக்க முடியாது, அந்தப் பயத்தில் வந்த விதிகள் இவை. பிறகு எளிதில் தீப்பிடிக்காத பிலிம் வந்துவிட்டது, தகடுகள் மட்டும் அப்படியே இருந்தன. ஆபரேட்டர் ஆவதற்குப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்க வேண்டும், மாமா அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்.

ஏன் இரண்டு புரொஜெக்டர் என்றால், பிலிமைச் சுற்றி வைக்கிற ஒரு ஸ்பூலில் 2000 அடிதான் கொள்ளும். நொடிக்கு 24 படம், நிமிடத்துக்கு 90 அடி, ஆக ஒரு ஸ்பூல் 22 நிமிடம். நம்முடைய படங்கள் 16,000 அடிவரை போகும், மொத்தப் பிரிண்ட் 40 கிலோ. ஒரு மெஷினில் ஸ்பூல் முடியும்போது அடுத்த மெஷின் தொடங்க வேண்டும், பார்க்கிறவருக்குத் தெரியக் கூடாது. இதற்காகத் திரையின் வலது மேல் மூலையில் ஒரு சின்ன வட்டப் புள்ளி வரும். முதல் புள்ளிக்கு இரண்டாவது மெஷினின் மோட்டாரை ஓட விட வேண்டும், சுமார் 7 நொடி கழித்து இரண்டாவது புள்ளிக்கு ஒளியை மாற்ற வேண்டும். மாமா அந்த நேரத்தில் யாரோடும் பேசமாட்டார். வலது கை ஒரு மெஷினில், இடது கை இன்னொன்றில், கண் ஓட்டை வழியே திரையில். கற்றுக்கொண்ட பிறகு எனக்கும் ஒவ்வொரு படத்திலும் அந்தப் புள்ளி தெரிய ஆரம்பித்தது, பக்கத்தில் இருப்பவர் அழுதுகொண்டிருப்பார், நான் மூலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வெளிச்சம் பல்பிலிருந்து வரவில்லை. செம்பு பூசிய இரண்டு கார்பன் குச்சிகளை எதிரெதிரே வைத்து, நடுவில் விரல் நுனி அளவு இடைவெளியில் மின்சாரத்தைப் பாயவிட்டால் வெள்ளையாகப் பற்றி எரியும். அந்த வெளிச்சம்தான் திரைவரை போகும். எரிய எரியக் குச்சி குறையும், இடைவெளி கூடும், படம் பழுப்பாகும், கீழேயிருந்து "டேய் ஆபரேட்டர், லைட்டு!" என்று குரல் வரும். நேராகப் பார்த்தால் கண் போய்விடும். அதனால் விளக்குப் பெட்டியிலிருந்து ஒரு சின்னத் துளை வழியே அந்தச் சுடரின் பிம்பம் சுவரில் ஒரு அட்டையில் விழும்படி வைத்திருந்தார். அட்டையில் பென்சிலால் இரண்டு கோடு. இரண்டு சுடர் நுனியும் அந்தக் கோடுகளைத் தொட்டபடி இருந்தால் கீழே திரையில் கதாநாயகியின் முகம் சரியான வெளிச்சத்தில் இருக்கும். அந்த அட்டையைப் பார்த்துக்கொள்கிற வேலையை என்னிடம் தருவார். படத்தைப் பார்க்காமல் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்த ஆட்டங்கள் உண்டு, எனக்கு அதில் குறையே இல்லை. எரிந்து மிஞ்சிய கார்பன் துண்டுகள் எங்களுக்குச் சொத்து, தெருச் சுவரில் ஸ்டம்ப் வரைவதற்கு அதைப்போல ஒன்று கிடையாது.

பெட்டி வந்த அன்று காலையில் நடக்கிற வேலைதான் யாரும் பார்க்காதது. எங்களுக்கு வருகிற பிரிண்ட் ஏற்கெனவே நூற்றுக்கணக்கான ஆட்டம் ஓடியது. மாமா ஒவ்வொரு ரீலையும் கையால் சுற்றுகிற ரீவைண்டரில் மாட்டி, பிலிமின் இரண்டு விளிம்பையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஓடவிடுவார். கண் வேறெங்கோ இருக்கும். மெஷினின் பற்கள் மாட்டுகிற விளிம்பு ஓட்டை எங்காவது கிழிந்திருந்தால் விரலில் தட்டும், உடனே நிறுத்திவிடுவார். கிழிசல் சின்னதென்றால் விளிம்பை வளைவாக வெட்டிவிடுவார், பெரிதென்றால் அந்தத் துண்டையே எடுத்துவிட்டு, இரண்டு முனையையும் பிளேடால் சுரண்டி, பிலிம் சிமென்ட் தடவி அழுத்தி ஒட்டுவார். பழ எசன்ஸ் மாதிரி ஒரு வாசனை அறை முழுக்க வரும். அவர் விரல் ஓரத்தில் மெல்லிய வெட்டுக் காயங்கள் எப்போதும் இருந்தன. இப்படி ஒவ்வொரு தியேட்டரிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி வெட்டித்தான் பிரிண்ட் எங்களுக்கு வந்தது, எங்களுக்கு அடுத்த தியேட்டருக்குப் போனது. அதிகம் போனது ரீல்களின் தொடக்கமும் முடிவும். அதனால் எங்கள் தெருவில் பார்த்த படங்களில் சில வசனங்கள் பாதியில் தாவும், ஒரு ஆள் கதவருகே நிற்பார், அடுத்த கணம் நாற்காலியில் இருப்பார். மவுண்ட் ரோட்டில் பார்த்தவருக்கும் எங்களுக்கும் சண்டை வரும், அப்படி ஒரு வசனம் இருக்கிறது என்று அவரும் இல்லவே இல்லை என்று நாங்களும். இரண்டு பேர் சொன்னதும் சரிதான், பார்த்த பிரிண்ட் வேறு.

ஒரே பிரிண்ட்டை இரண்டு தியேட்டர் பகிர்ந்துகொள்வதும் உண்டு. முதல் தியேட்டரில் ஆட்டம் தொடங்கி முக்கால் மணி நேரம் கழித்து இரண்டாவதில் தொடங்குவார்கள். ஓடி முடித்த ரீலை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு ஒருவர் இங்கும் அங்கும் பறந்துகொண்டே இருப்பார். நடுவில் ரயில்வே கேட். கேட் விழுந்து கூட்ஸ் வண்டி நிதானமாகப் போனால் எங்கள் தியேட்டரில் ஸ்லைடு ஓடும், அதுவும் தீர்ந்தால் விளக்கைப் போட்டு "இடைவேளை" என்று அறிவிப்பார்கள், ஒரு படத்தில் இரண்டு இடைவேளை. வேறு ஊரில் கலவரம் ஆகியிருக்கலாம், எங்கள் ஏரியாவில் பாதிப் பேர் ரயில்வேக்காரர்கள். எந்த வண்டி, எத்தனை வேகன், கேட் திறக்க இன்னும் எவ்வளவு நேரம் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். டீ குடித்துவிட்டு வந்து உட்காருவார்கள்.

பிரிண்ட் தேய்வதை எல்லோரும் "மழை" என்பார்கள், மேலிருந்து கீழே ஓடுகிற கோடுகள். அது எல்லாப் படத்திலும் விழும். கலர் படத்துக்கு இன்னொரு நோயும் உண்டு. ஈஸ்ட்மென் கலர் பிரிண்டுகளில் வருடம் ஆக ஆக நீலம் சார்ந்த சாயம் முதலில் வெளிறும், மிஞ்சுவது சிவப்பு. 1964இல் வந்த 'கர்ணன்' எங்கள் தியேட்டருக்கு மறு ஓட்டமாகத் திரும்பத் திரும்ப வந்தது, ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் சிவந்து வந்தது. குருட்சேத்திரத்தின் வானம், மண், குதிரை எல்லாம் ஒரே செம்மண் நிறம். போர்க்களம் அப்படித்தான் இருக்கும், இயக்குநர் வேண்டுமென்றே அப்படி எடுத்திருக்கிறார் என்று நினைத்திருந்தேன். 2012இல் அந்தப் படத்தை டிஜிட்டலில் சீர்செய்து மறுபடி வெளியிட்டு அது நூறு நாள் தாண்டி ஓடியபோது போய்ப் பார்த்தேன். வானம் நீலமாக இருந்தது. அற்புதமாக இருந்தது, மறுப்பதற்கில்லை, சிவாஜியின் கண்ணில் இருந்த ஈரம்கூடத் தெரிந்தது. ஆனால் அது நான் பார்த்து வளர்ந்த 'கர்ணன்' இல்லை, அந்தச் செந்நிறப் படம் இனி உலகத்தில் எங்கும் கிடையாது.

ஆங்கிலப் படம் என்றால் பிராட்வே பக்கம் மினர்வா, பிறகு பாட்சா என்று பெயர் மாறியது. மவுண்ட் ரோடுவரை போகத் துணிந்தால் 1964இல் வந்த சஃபையர் வளாகம். அதில் ப்ளூ டைமண்ட் என்ற அரங்கில் ஆட்டங்கள் இடைவிடாமல் ஓடும், எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம், ஒரு டிக்கெட்டில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம், அதுவும் ஏசியில். வெயில் காலத்தில் நகரத்தில் அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் அங்கே யாருக்கும் யாரையும் தெரியாது. எங்கள் தியேட்டரில் டிக்கெட் கிழிப்பவர், "பரீட்சைக்குப் படிக்காம இங்க என்னடா, அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடுவார்.

சரி, இவ்வளவும் ஏன் போனது? டிவி வந்ததால் என்று எல்லோரும் சொல்வார்கள். சென்னையில் தூர்தர்ஷன் 1975இல் வந்தது, எண்பதுகளில் வாடகை வீடியோ டெக், தொண்ணூறுகளில் கேபிள். எல்லாமே அடித்தது உண்மை. 1996இல் பின்னி மில் மூடியபோது எங்கள் இரண்டாவது ஆட்டத்தின் கூட்டமே போனது, இதை யாரும் சினிமா வரலாற்றில் எழுதுவதில்லை, எழுத வேண்டும். நிலத்தின் விலையும் ஏறிக்கொண்டே போனது, ஆயிரம் நாற்காலி போட்ட இடத்தில் அடுக்குமாடியோ கல்யாண மண்டபமோ வந்தால் அதிக வரும்படி. ஆனால் ஏரியா தியேட்டரை முழுமையாக முடித்தது பெட்டி இல்லாமல் போனதுதான் என்பது என் கருத்து. பிலிம் காலத்தில் ஒரு பிரிண்ட் போட அரை லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகும், அதனால் குறைந்த பிரிண்ட் போட்டு, அதையே எல்லா ஏரியாவுக்கும் சுற்றவிட்டார்கள். 2005ஐ ஒட்டி க்யூப் மாதிரியான டிஜிட்டல் முறைகள் வந்து, பத்து வருடத்துக்குள் பிலிம் பிரிண்டே நின்றுபோனது. டிஜிட்டலில் நூறு தியேட்டருக்குக் கொடுத்தாலும் ஆயிரம் தியேட்டருக்குக் கொடுத்தாலும் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரே வெள்ளிக்கிழமை எல்லா இடத்திலும் ரிலீஸ், இரண்டு வாரத்தில் வசூல் முடிந்துவிடும். இரண்டாவது ஓட்டம், மூன்றாவது ஓட்டம் என்ற சொல்லுக்கே வேலை இல்லை. எங்கள் தியேட்டர் செய்துகொண்டிருந்த வேலை அதுதான், மற்றவர்கள் பார்த்து முடித்ததை எங்களால் கொடுக்க முடிந்த காசுக்குக் கொண்டுவந்து காட்டுவது. அந்த வேலையே இல்லாமல் போனபின் கட்டடம் மட்டும் எப்படி நிற்கும்?

குறைந்த விலை டிக்கெட்டும் அதோடு போனது. சென்னை மல்டிபிளெக்ஸ்களில்கூட 2017வரை முன்வரிசையில் சில இருக்கைகள் 10 ரூபாய்க்குக் கொடுக்க வேண்டும் என்று அரசு விதி இருந்தது, இப்போது அந்த விலைக்கு எங்கும் இல்லை. தண்டையார்பேட்டை அகஸ்தியா 1967இல் வந்து 2020இல் மூடியது. பெரம்பூர் பிருந்தாவை 1985இல் ரஜினிகாந்த் திறந்துவைத்தார், 2025இல் அதுவும் மூடியது. கடைசி நாளில் அங்கே போனவர்கள் பலர் படம் பார்க்கப் போகவில்லை, கட்டடத்தைப் பார்க்கப் போனார்கள்.

உங்கள் கேள்விக்கு நேரடியான பதில்: இன்றைய மல்டிபிளெக்ஸில் படமும் ஒலியும் நாங்கள் கனவில்கூட நினைக்காத தரம், அதில் விவாதமே வேண்டாம். நாற்காலியில் மூட்டைப்பூச்சி இல்லை, பெண்கள் தனியாகப் போய் வரலாம், இதெல்லாம் பெரிய விஷயம். இழந்தது என்னவென்றால், ஒரு மில் தொழிலாளி சம்பளத்தில் குடும்பத்தோடு நடந்துபோய் நடந்து வரக்கூடிய தூரத்தில் ஒரு தியேட்டர். அதை நான் சின்ன இழப்பாக எண்ணவில்லை.

நேரில் பார்க்க ஏதாவது மிச்சம் உண்டா என்று அடுத்து கேட்பீர்கள். அண்ணா சாலை தலைமைத் தபால் நிலைய வளாகத்துக்குள் போங்கள். 1913இல் வார்விக் மேஜர் என்பவர் நடத்திய எலெக்ட்ரிக் தியேட்டர் கட்டடம் இன்னும் அங்கே இருக்கிறது, இப்போது தபால்தலை விற்பனை மையம், வேலை நேரத்தில் தாராளமாக உள்ளே போகலாம். அதைவிட முக்கியமானது, பிலிம் ஓட்டிய ஆபரேட்டர்கள் இன்னும் பலர் நம்மோடு இருக்கிறார்கள், உங்கள் ஏரியாவில் விசாரித்தால் நிச்சயம் ஒருவர் கிடைப்பார். போனால் எந்த நடிகரைப் பார்த்தீர்கள் என்று ஆரம்பிக்காதீர்கள். எந்த மெஷின் ஓட்டினீர்கள், கார்பனா அதற்குப் பிறகு வந்த செனான் விளக்கா, ரீல் மாற்றும்போது எந்தக் கை எங்கே இருக்கும், எந்தப் படத்தின் பிரிண்ட் உங்களை அதிகம் படுத்தியது என்று கேளுங்கள், பதிவு செய்துகொள்ள போனில் சார்ஜ் இருக்கட்டும்.